பிரிக்கும் முன் ஒரு வரி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கம்ப்யூட்டர் சென்டர், ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை, இ-சேவை மையம் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும்,



உங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தது கம்ப்யூட்டர் சென்டராக மாறியபோது அங்கே டாஸ் சொல்லிக்கொடுத்தவள் நான். செருப்பை வாசலில் கழற்றாமல் வந்தால் மெஷின் ரூமுக்குள் விடமாட்டேன். பிளாப்பியைச் சட்டைப்பையில் மடக்கி வைத்துக்கொண்டு வருகிறவனை அன்றைக்கு கீபோர்டில் கை வைக்க விடமாட்டேன். அதே டீச்சர்தான். இப்போது ஓய்வாக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன்.

இந்த விஷயத்தை உங்களில் நாலைந்து பேரிடம் நேரில் வந்தே சொன்னேன். "சரி டீச்சர், பார்த்துக்கிடலாம் டீச்சர்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அடுத்த தடவை போனால் அதே டபுள் கிளிக். அதனால்தான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணி முகூர்த்த சமயத்தில் நடந்தது. திருமுக்குளம் போகிற வழியில் ஒரு கடை. பென்ஷன் காகிதம் ஒன்று ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தேன். மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்த மாதிரி ஒருவர், தலையில் பஞ்சுத்தூசி அப்படியே இருக்கிறது. கவுண்டரில் இருந்த பையனிடம் போனை நீட்டி, "தம்பி, மச்சினன் வீட்டுப் பத்திரிகை. வாட்ஸ்அப்ல வந்துச்சு. திறக்க மாட்டேங்குது. ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு" என்றார். பையன் நல்ல பையன். கேபிள் போட்டு ஃபைலை டெஸ்க்டாப்பில் இழுத்துவிட்டு டபுள் கிளிக் செய்தான். எதில் திறக்கட்டும் என்று விண்டோஸ் கேட்டது. ரெண்டு தடவை முயன்றுவிட்டு அவன் சொன்னான்: "அண்ணாச்சி, இது போன்லதான் ஓடும். இன்ஸ்டால் குடுங்க. பெர்மிஷன் கேக்கும், எல்லாத்துக்கும் அலவ் குடுங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

அவர் பெருவிரலைக் கொண்டுபோய்விட்டார். நான் போனைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் தள்ளி உக்காருப்பா" என்று பையனை எழுப்பிவிட்டு, கமாண்ட் அடிக்கிற கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தேன். மளமளவென்று பட்டியல் வந்தது. ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் என்று ஒன்று. கிளாஸஸ் டாட் டெக்ஸ் என்று ஒன்று. அதற்குக் கீழே குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் படங்களும் மற்றதும். "கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்குப்பா கிளாஸஸ் டாட் டெக்ஸ்?" என்று கேட்டேன். பையன் முழித்தான். அவரைவிட்டு மச்சினனுக்குப் போன் போடச் சொன்னேன். மச்சினனுடைய வாட்ஸ்அப் அன்று காலையிலிருந்தே அவர் கையில் இல்லையாம். பத்திரிகை இன்னும் அச்சுக்கே போகவில்லையாம்.

கிளாஸஸ் டாட் டெக்ஸ் என்பது ஆண்ட்ராய்டு ஆப்பின் உயிர். புரோகிராம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அது இருந்தால் அந்த ஃபைல் பத்திரிகையும் இல்லை, போட்டோவும் இல்லை, ஒரு ஆப். இந்த வகை ஆப் முதலில் கேட்பது எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி. கொடுத்தால் பேங்க்கிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் நமக்கு முன்னால் ஏமாற்றுகிறவனுக்குப் போய்ச்சேரும். பத்திரிகை என்றும், வண்டி அபராதச் சலான் என்றும், பிஎம் கிசான் என்றும் பெயரை மாற்றி மாற்றி இது ஊரெல்லாம் சுற்றுகிறது. இதில் ஏமாறுகிறவர்களைப் பார்த்து "படிக்காத ஜனம்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் படிக்கவில்லை, அதனால்தான் படித்த உங்களிடம் கொண்டுவந்தார். நீங்கள்தான் அலவ் கொடுக்கச் சொன்னீர்கள்.

நான் அடித்த வரி என்ன மந்திரம் என்று அந்தப் பையன் கேட்டான். மந்திரமெல்லாம் இல்லை. ஆண்ட்ராய்டு ஆப் வரும் ஏபிகே என்பதும் ஜிப் ஃபைல்தான். வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், மின்நூலின் ஈபப் எல்லாமே ஜிப்தான், சட்டை மட்டும் வேறு. எதை எடுத்துப் பார்த்தாலும் முதல் இரண்டு எழுத்து பி, கே என்றுதான் தொடங்கும். ஃபில் கேட்ஸ் என்ற அமெரிக்கர் 1989-ல் பிகேஜிப் என்று ஒரு புரோகிராம் போட்டார். அந்த அமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் அந்த பி, கே. மனுஷன் 2000-ல், 37 வயதில், குடியால் போய்விட்டார். அவருடைய இனிஷியல் இன்றைக்கும் உங்கள் கடைக்கு வரும் எத்தனையோ ஃபைல்களின் நெற்றியில் இருக்கிறது.

அந்த பிகேஜிப்பைத்தான் நான் உங்களுக்கு நடத்தினேன். ஞாபகம் வருகிறதா? நம் சென்டர் மெஷினில் ஹார்ட் டிஸ்க் மொத்தமே 40 எம்பி. பிளாப்பி 1.44. வெளியூரிலிருந்து ஒரு ஜிப் வந்தால் அதை அப்படியே பிரித்துவிட முடியாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பிரித்தால் டிஸ்க் நிறைந்து மெஷின் நின்றுவிடும். அதனால் பிகேஅன்ஜிப், ஒரு ஸ்பேஸ், மைனஸ் வி என்று அடித்து, உள்ளே இருப்பதன் பட்டியலைப் பார்த்து, அளவைக் கூட்டி, இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்போம். அன்றைக்கு அது ஒழுக்கத்தால் வந்த பழக்கம் என்று நான் பெருமை பேசமாட்டேன். இல்லாமையால் வந்தது. டிஸ்க் பெரிசானதும் பழக்கம் போய்விட்டது. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் கொஞ்ச காலம் மறந்துதான் இருந்தேன்.

மில்லில் வேலை பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பஞ்சு லாரி கேட்டுக்குள் வந்தால் என்ன செய்வார்கள்? நேரே குடோனுக்கு விட்டு இறக்கவா சொல்வார்கள்? பேல் லிஸ்ட்டை வாங்கி, எத்தனை பேல், என்ன நம்பர், எவ்வளவு எடை என்று பார்ப்பார்கள். பேல் ஒன்று 170 கிலோ. இறக்கின பிறகு இது நம்முடையது இல்லை என்றால் திரும்ப ஏற்ற ஆள் கூலி யார் கொடுப்பது? ஜிப்பிலும் அப்படி ஒரு லிஸ்ட் உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பெயர், அமுக்குவதற்கு முன் எவ்வளவு, அமுக்கின பிறகு எவ்வளவு, தேதி என்ன, சரிபார்க்கும் எண் என்ன, எல்லாம் ஃபைலின் வாலில் ஒட்டியிருக்கும். கமாண்ட் அந்த வாலை மட்டும் படிக்கிறது. மூட்டையை அவிழ்ப்பதில்லை. அதனால்தான் ரெண்டு ஜிபி ஜிப்பாக இருந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. உள்ளே விஷமே இருந்தாலும் அது எழுந்து ஓட வழியில்லை, நாம் பெயரைத்தானே படிக்கிறோம்.

பாதியில் நின்றுபோன டவுன்லோடு ஏன் திறப்பதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். வால் கடைசியில் வரும், அது வந்துசேரவில்லை. அதை "ஜிப் கரப்ட் ஆயிடுச்சு, ரெக்கவரி பண்ணணும், முந்நூறு ரூபாய் ஆகும்" என்று சொல்லி வாங்குகிற கடை எது என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். மறுபடி டவுன்லோடு செய்தால் போதும் என்று இனிமேல் அந்தக் கஸ்டமருக்கே தெரியும்.

இப்போது அந்த வரி. போனில் சொல்கிற மாதிரி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஜிப் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே அட்ரஸ் பாரில் இருப்பதை அழித்துவிட்டு, சி, எம், டி என்று அடித்து என்டர். அந்த ஃபோல்டரிலேயே கறுப்பு ஸ்கிரீன் வரும். அதில் டி, ஏ, ஆர். ஒரு ஸ்பேஸ். மைனஸ். ஒட்டியே டி, வி, எஃப். மறுபடி ஒரு ஸ்பேஸ். ஃபைல் பெயரின் முதல் ரெண்டு மூன்று எழுத்தை அடித்து டேப் கீயைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியையும் அதுவே போட்டுக்கொள்ளும். என்டர். அவ்வளவுதான்.

எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். டார் என்பது யூனிக்ஸ் காலத்து ஆள், டேப்பில் ஃபைல்களைக் கட்டிவைக்கப் பிறந்தது. 2018-லிருந்து விண்டோஸ் 10-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கிற டாருக்கு ஜிப்பும் படிக்கத் தெரியும். ஏழெட்டு வருஷமாக உங்கள் மேஜையிலேயே இருக்கிறது, ஒருவரும் கூப்பிடவில்லை. இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிறவர்கள் செவன்-ஜிப் போட்டுக்கொண்டு, 7, இசட், ஸ்பேஸ், எல் என்று அடிக்கலாம். அரசு இலவச லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸை அழிக்காமல் வைத்திருக்கும் புண்ணியவான் யாராவது இருந்தால், அன்ஜிப், மைனஸ் எல்.

வரும் பட்டியலில் இடது பக்கம் கோடும் எழுத்துமாக இருப்பதை விட்டுவிடுங்கள். நடுவில் இருக்கும் எண் அளவு. அடுத்தது தேதி. கடைசியில் பெயர். பெயரின் வாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிடிஎஃப் என்று நடுவில் போட்டு எக்ஸ்இ என்று முடிகிறதா? ஜேஎஸ், விபிஎஸ், சிஎம்டி என்று முடிகிறதா? விண்டோஸ் ஃபோல்டரில் பார்த்தால் தெரிந்த வகை ஃபைல்களின் வாலை அது தானாகவே மறைத்துவிடும். பிடிஎஃப் வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும், ஏமாற்றுகிறவன் படமும் பிடிஎஃப் படமாகவே போட்டிருப்பான். கறுப்பு ஸ்கிரீன் எதையும் மறைப்பதில்லை. தமிழில் வைத்த பெயர்கள் மட்டும் அதில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியலாம். அதற்குப் பயப்பட வேண்டாம், வால் இங்கிலீஷில்தான் இருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஏதாவது ஒரு வேர்ட் ஃபைலை இப்படிப் பட்டியலிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டும். நேற்று அடித்த கடிதமாக இருந்தாலும் அப்படித்தான். டாஸின் காலண்டர் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஜிப் அந்தக் காலண்டரை அப்படியே எடுத்துக்கொண்டது. வேர்ட் தேதியை நிரப்பாமல் விட்டுவிடுகிறது. யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று பதறிக்கொண்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

டிடிபி கடைக்காரர்களே, உங்களுக்கு ஒரு லாபமும் இதில் இருக்கிறது. பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் போட வருகிறவர்கள் போட்டோவை வேர்டில் ஒட்டிக் கொண்டுவருவார்கள். நீங்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிசாக்கி, பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக வந்ததும் "போட்டோ கிளியரா இல்லைக்கா" என்கிறீர்கள். அந்த டாக்எக்ஸைப் பட்டியலிட்டுப் பாருங்கள். வேர்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மீடியா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்தப் போட்டோ, நீங்கள் வேர்டில் பார்ப்பதைவிடப் பெரும்பாலும் பெரிய அளவில். டி, வி, எஃப் இருந்த இடத்தில் எக்ஸ், எஃப் என்று மாற்றி, ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விட்டு, வேர்ட், சாய்கோடு, மீடியா என்று அடித்தால் அந்த ஃபோல்டர் மட்டும் வெளியே வந்துவிடும். அக்காவைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

எக்செலில் மேக்ரோ இருக்கிறதா என்பதும் இப்படித்தான் தெரியும். பட்டியலில் விபிஏ புராஜெக்ட் டாட் பின் என்று ஒரு பெயர் இருந்தால் உள்ளே புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. "எனேபிள் கன்டென்ட்" என்று மஞ்சள் பட்டை கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு எழுதும் என் மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். பர்சேஸ் ஆர்டர் என்று மெயிலில் ஜிப் வந்தது. யூனிட்டில் நெட் மெதுவாக இருந்ததால் ராஜபாளையத்தில் ஒரு சென்டருக்கு வந்து, அங்கேயே இறக்கி, அங்கேயே பிரித்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜிப்புக்குள் இன்னொரு ஜிப். அதற்குள்ளே ஒன்றே ஒன்று, விபிஎஸ் என்று முடிவது. அதை அவள் யூனிட் மெஷினில் தட்டின பிறகு டேலி கணக்கு முழுக்கப் பூட்டிக்கொண்டது. மூன்று வருஷ பில்லைப் பேப்பரிலிருந்து திரும்ப அடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சென்டரில் அந்த ஜிப் நம் ஆள் ஒருவரின் கண்ணுக்கு எதிரே பிரிக்கப்பட்டது. அதில்தான் கோபம்.

இது புதிசும் இல்லை. 2017 செப்டம்பரில் லாக்கி என்ற பூட்டும் வைரஸைப் பற்றி மத்திய அரசின் செர்ட்-இன் எச்சரிக்கை விட்டது. மெயிலின் தலைப்பு என்ன தெரியுமா? "ப்ளீஸ் பிரிண்ட்". "போட்டோ", "ஸ்கேன்ஸ்", "டாக்குமென்ட்ஸ்" என்றும் வந்தது. ஜிப்புக்குள் ஜிப், அதற்குள் விபிஎஸ். பிரிண்ட் எடுங்கள் என்று கேட்டால் நம் தொழிலில் யார் முடியாது என்பார்கள்? உங்கள் கடை வாசலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

வின்ரார் வைத்திருக்கிறீர்கள். நாற்பது நாள் டிரையல் என்று வருஷக்கணக்காக ஓடுகிறது, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆனால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பது தெரியுமா? 2023-ல் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஜிப்புக்குள் ஒரு படம்; அதே பெயரில் ஒரு ஃபோல்டர்; ஃபோல்டருக்குள் ஒரு சிஎம்டி. வின்ராருக்குள்ளிருந்தே படத்தைத் தட்டினால் படத்தோடு சிஎம்டியும் ஓடும். பங்குச்சந்தைக்காரர்கள் பலர் அதில் மாட்டினார்கள். அந்த ஆகஸ்டில் வந்த 6.23-ல் அடைத்துவிட்டார்கள். உங்கள் மெஷினில் என்ன நம்பர் என்று ஹெல்ப்பில் போய்ப் பாருங்கள். வரி அடித்துப் பார்த்திருந்தால் ஒரே பெயரில் ஃபைலும் ஃபோல்டரும் அடுத்தடுத்து நிற்பது, பழைய வின்ரார் இருக்கிற மெஷினிலும், காட்டிக்கொடுத்திருக்கும்.

கோர்ட்டைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விருதுநகர் மாவட்டத்துக்கே தலைமை கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்கள் பென் டிரைவோடு உங்களிடம்தான் ஓடிவருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டம் மாறிவிட்டது. பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுச் சான்றோடு கொடுக்கிற சர்டிஃபிகேட்டில் ஹேஷ் மதிப்பு எழுத வேண்டும். ஹேஷ் என்றால் ஃபைலின் ரேகை. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுசாக மாறிவிடும்.

என் பழைய மாணவர் ஒருவர் குமாஸ்தா. ஜிப்புக்கு ஹேஷ் எடுத்து எழுதியாகிவிட்டது. அதற்குள் இருந்த ஒரு வேர்ட் ஃபைலை மட்டும் பிரிண்ட் எடுக்க ஒரு கடைக்குப் போனார். கடையில் வின்ராரிலேயே தட்டித் திறந்து, பக்கம் சரியாக வரவில்லை என்று மார்ஜினைக் கொஞ்சம் நகர்த்தி, சேவ் கொடுத்து மூடினார்கள். ஃபைல் மாறியிருக்கிறது, ஆர்க்கைவில் அப்டேட் செய்யட்டுமா என்று வின்ரார் கேட்டது. எஸ். அந்த எஸ்ஸோடு ஜிப் வேறு ஜிப் ஆகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன்: "டீச்சர், 64 எழுத்தும் மாறிக் கிடக்கு." மூலத்திலிருந்து திரும்ப நகல் வாங்கி, சர்டிஃபிகேட்டைத் திரும்ப எழுத நாலு நாள் அலைந்தார். கடையில் இருந்தவருக்குத் தான் என்ன செய்தோம் என்று இன்றைக்கும் தெரியாது. கோர்ட் பென் டிரைவில் இருப்பதை நேராகத் திறக்கவே கூடாது. முதலில் உங்கள் மெஷினில் நகல். பிறகு பட்டியல். பிறகு நகலிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் வெளியே எடுத்துப் பிரிண்ட். ஹேஷ் பார்க்கவும் விண்டோஸிலேயே வழி இருக்கிறது: செர்ட்யூடில், ஸ்பேஸ், மைனஸ் ஹேஷ்ஃபைல், ஃபைல் பெயர், எஸ்ஹெச்ஏ256. குமாஸ்தா கேட்காமலேயே முன்னும் பின்னும் ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள். அடுத்த வேலையும் உங்களிடமே வரும்.

இனி, எனக்குத் தூக்கம் போன விஷயம். ஒரு கடையில், உரிமையாளர் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் மெஷினில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஆஃப்லைன் ஆதார் என்று தொடங்கும் ஜிப்கள் வரிசையாக நிற்கின்றன. எண்ணினேன், 61. ஆதார் தளத்திலிருந்து காகிதமில்லா கேஒய்சிக்காக இறக்குவது. நாலு எழுத்து ஷேர் கோடு போட்டுப் பூட்டியிருக்கும். பூட்டியிருக்கிறதே, என்ன பயம் என்று உரிமையாளர் வந்ததும் கேட்டார். ஜிப் பூட்டு உள்ளே இருப்பதை மூடுமே தவிர, பட்டியலை மூடாது. பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே என்ன பெயரில் என்ன இருக்கிறது என்று அவருக்கே அடித்துக் காட்டினேன். பிறகு, "அந்த நாலு எழுத்து என்னன்னு உங்க பையன் கஸ்டமர்கிட்ட கேட்டா என்ன சொல்றாங்க?" என்றேன். அவர் சிரித்தார். "ஒன்னு ரெண்டு மூணு நாலு, டீச்சர்." நான் சிரிக்கவில்லை. வெறும் எண்ணாக வைத்தால் நாலு இடத்துக்கு மொத்தமே பத்தாயிரம் வாய்ப்புதான். ஒரு புரோகிராமுக்கு அது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. உள்ளே இருப்பது பெயர், பிறந்த தேதி, முழு முகவரி, போட்டோ. நம் தெருக்காரர்களுடையது.

இந்த ஒரு வரியால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் ஒழுங்கான பிடிஎஃப் என்று தெரிகிற ஃபைலுக்குள்ளேயே கோளாறு இருக்கலாம். வெளியே நல்ல பெயர், உள்ளே வேறு என்பது மனிதர்களிலும் உண்டு. வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள், அது வேறு வேலை. பட்டியல் சொல்வது ஒன்றுதான்: என்ன என்று சொல்லிக் கொடுத்தார்களோ அதுதானா இது? அந்தக் கேள்வியைக் கேட்கிற இடம் நம் ரெண்டு ஊரிலும் உங்கள் கவுண்டரை விட்டால் வேறு இல்லை. மில் தொழிலாளிக்கும், நைட்டி தைக்கும் பெண்ணுக்கும், பால்கோவா கடையில் ஜிஎஸ்டி போடுகிறவருக்கும் கம்ப்யூட்டர் என்றால் நீங்கள்தான்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். கஸ்டமர் கொண்டுவருவது ஜிப்போ, ஏபிகேயோ, என்னவென்றே தெரியாததோ, மவுஸைத் தொடுவதற்கு முன்னால் அந்த வரியை அடியுங்கள். அடித்துவிட்டு மானிட்டரை அவர் பக்கம் திருப்புங்கள். "அண்ணாச்சி, உள்ளே இதெல்லாம் இருக்கு, நீங்க சொன்னது இதுதானா?" என்று கேளுங்கள். அவருக்குப் புரியாது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அந்த மில்காரருக்கு நான் சொல்லி ஒரு நிமிஷத்தில் புரிந்தது. "அலவ் குடுங்க" என்ற வார்த்தையை உங்கள் கடையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு ஓடிவருகிறவர் இருந்தால், காரணம் கேட்டுத் திட்டிக்கொண்டிருக்காமல் முதலில் அவர் போனில் நெட்டை நிறுத்திவிட்டு, உங்கள் போனிலிருந்து 1930-க்கு அடித்துக் கொடுங்கள். நேரம்தான் அங்கே பணம்.

ராத்திரி ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் டவுன்லோட்ஸைக் காலி செய்யுங்கள். வெறும் டிலீட் போதாது, ரீசைக்கிள் பின்னில் அப்படியே கிடக்கும். ஷிஃப்ட்டைச் சேர்த்து அழுத்துங்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஏதாவது நடந்தால் பழி அவர்கள் தலையில்தான் விழுகிறது, அவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததெல்லாம் கட்டண விவரம் மட்டும்தான். கீபோர்டுக்கு மேலே ஒரு துண்டுச் சீட்டில் அந்த வரியை எழுதி ஒட்டிவிடுங்கள், என் கிளாஸில் டாஸ் கமாண்டுகளை ஒட்டி வைத்திருந்தோமே, அந்த மாதிரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு, திருமுக்குளத்துப் பக்கம் நான் சொன்ன அந்தக் கடையில் இருப்பேன். உரிமையாளர் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பையனே பட்டியல் போட்டுக் காட்டுவான். காசு வேண்டாம். உங்கள் கடை மெஷினின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிற ஃபைல் பெயர்களை மட்டும் ஒரு பேப்பரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் எதையும் அழித்து ஒழுங்குபடுத்தாதீர்கள், ராத்திரி காலி செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. இருப்பதிலேயே பழைய ஜிப்பிலிருந்து தொடங்குவோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டாஸ் டீச்சர்